தெற்குப் பக்கத்துப் பல்லி

செல்வராசாவுக்குக் கை சும்மா இராது. வவுனியா ரவுனில் தண்ணீர்ப் பம்பி திருத்தும் கடையில் பகல் முழுக்க மோட்டார்களோடு மாரடித்துவிட்டு, ஏழு மணிக்கு நெளுக்குளத்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு வீட்டு மோட்டாரையும் கழற்றிப் போடுகிற ஆள். மூன்று வருசத்துக்கு முதல், தொட்டி நிறைந்தால் கிணற்று மோட்டார் தானாக நிற்கவேண்டும் என்று ஒரு சாமானைச் செய்து பூட்டினார். மோட்டார் நிற்கவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டி வழிந்து, தண்ணீர் குசினிக்குள் புகுந்து, காலபோக விதைப்புக்கென்று அடுக்கி வைத்திருந்த இரண்டு மூட்டை விதைநெல்லையும் நனைத்தது. மூன்றாம் நாள் சாக்கின் இழைகளுக்குள்ளால் முளை எட்டிப் பார்த்தது.

அன்றைக்கு அவருடைய மனைவி விமலேஸ்வரி ஒரேயொரு வசனம்தான் சொன்னார்.

"இனி இந்த வீட்டுக்குள்ள உங்கட ஒட்டுவேலை ஒண்டும் வேண்டாம்."

செல்வராசாவும் ஓம் என்றார். முளைத்த சாக்கைக் கண்ணால் கண்ட மனிசன் வேறென்னத்தைச் சொல்வது.

அவர்களின் ஒரே மகள் யதுர்ஷிகா, பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் போகவேண்டிய ஒரு கம்பஸில் மீன் வளர்ப்புப் படிக்கிறாள். கடைசி வருசம். ஆய்வுக்கு அவள் எடுத்தது இருபத்துநாலு ஏஞ்சல் மீன் குஞ்சுகள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டு, இப்படியே அறுபது நாள் வளர்த்து அளந்து காட்டவேண்டும். கம்பஸில் தொட்டிக்கு இடம் போதாது, வீட்டில் வைக்கலாம் என்று அவளுக்குப் படிப்பிக்கிற சேர் விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். லைற் பதினைந்து நிமிசத்துக்கு மேல் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. ஒரு நாள் பிசகினாலும் பழையபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும்.

தொட்டி சாமியறைக்குள் வந்தது. இரவில் ஆள் புழங்காத, தன்பாட்டில் இருட்டாகக் கிடக்கிற அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். விமலேஸ்வரி முதலில் முகத்தைச் சுழித்தார். "விஷ்ணுவே மீனாய் வந்தவர்தானேம்மா" என்று மகள் ஒரு போடு போட்டாள், அதோடு தாய் இறங்கி வந்தார். மீன் சாப்பாட்டுப் பைக்கற்றுக்கு மட்டும் உள்ளே இடமில்லை என்றார். காய்ந்த இறால் மணம் சாமிக்கு ஆகாது. அது குசினி யன்னலில் தொங்கியது.

லைற்றோடு ஒரு சின்னப் பெட்டியும் வாங்கினார்கள். விடிய ஆறேகாலுக்கு அது தானாக லைற்றைப் போடும், பின்னேரம் ஆறேகாலுக்குத் தானாக நிறுத்தும். பெட்டிக்கு மேலே ஒரு பொத்தான் இருந்தது. மூன்று நாள் யதுர்ஷிகா பக்கத்தில் நின்று பார்த்தாள், பெட்டி ஒரு நிமிசமும் பிசகவில்லை. நிம்மதியாகக் கம்பஸுக்குப் போனாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்து இறங்கினாள். தொட்டி கலியாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, இது எத்தினை நாளா இப்பிடி எரியுது?"

செல்வராசாவுக்குத் தெரியாது. காலையில் மீனுக்குச் சாப்பாடு போடுவதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்தவர் அவர். லைற் எரிந்தால் வடிவுதானே என்று விட்டுவிட்டார்.

"அது தானா நூருமெண்டு சொன்னனீங்கள்தானே" என்றார் விமலேஸ்வரி. லைற் நூருகிறது, அதாவது அணைகிறது, பெட்டியின் பொறுப்பு என்பது அவருடைய கட்சி. அதில் பிழை சொல்ல முடியாது.

யதுர்ஷிகா சாமியறை வாசற்படியில் குந்தியிருந்து அழுதாள். சத்தம் போட்டு அழுகிற பிள்ளை இல்லை அவள், அதனால் பார்த்துக்கொண்டு நிற்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் செல்வராசா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அதை விற்ற கடைக்கார நிஷாந்தனுக்கு முன்னால் வைத்தார். நிஷாந்தன் அதை அரை மணித்தியாலம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இதில ஒரு பிழையும் இல்லை."

"பிழை இல்லாட்டி ஏன் தம்பி விடிய விடிய எரியுது? நான் சும்மா பொழுது போகாமலே இவ்வளவு தூரம் வந்தனான்?"

கடையில் வேறு சனமும் நின்றது. நிஷாந்தன் வாயைக் கொடுக்காமல் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். யதுர்ஷிகா நின்ற ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியும் நல்லபிள்ளையாக ஆறேகாலுக்கு நிறுத்தியது. திங்கட்கிழமை அவள் பஸ் ஏறினாள். அன்று ஏழு மணிக்குச் செல்வராசா வேலையால் வந்து பார்த்தால், லைற் எரிகிறது. பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகினார். உடனே அணைந்தது.

அதோடு பெட்டியின் நோய் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த வகைப் பெட்டியே அப்படித்தான், அணைக்க வேண்டிய நேரத்தில் இறுகிப்போய் நிற்கிறது, ஒருக்கால் கரண்டை வெட்டிவிட்டால் தெளிகிறது. போனில் மகளுக்குச் சொன்னார். அவள் நாளை எண்ணிப் பார்த்தாள்.

"அப்பா, ஒப்படைக்கிறதுக்கு இன்னும் அறுபத்துமூண்டு நாள்தான் கிடக்கு. இனி ஒருக்காக் குழம்பினா அடுத்த வருசம்தான். என்ர பட்ச் பிள்ளையளோட நான் பட்டம் எடுத்து வெளிக்கிட ஏலாது."

"நான் பாக்கிறன் பிள்ளை. நீ படி."

மூன்று நாள் கையில் இருந்தது. வேலை முடிய ஏழு மணி ஆகிற மனிசனால் ஆறேகாலுக்கு வந்து பிளக்கைக் கழற்ற முடியாது. விமலேஸ்வரியிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் கரண்ட் பிளக் என்றாலே சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்கிற ஆள். கரண்டை வெட்டித் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்ய ஒரு சாமான் வேண்டும். செல்வராசாவின் கை மூன்று வருசத்துக்குப் பிறகு குறுகுறுத்தது.

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து செய்தார். பொழுது பட்டால் தானாக எரிகிற வீதி லைற்றுகளுக்கு வெளிச்சத்தை உணருகிற ஒரு சின்னக் கண் இருக்கும். பழைய லைற் இரண்டை உடைத்து இரண்டு கண் எடுத்தார். ஒன்று யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்க்கும். மற்றது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி உள்ளே பார்க்கும். வெளியே பொழுது மங்கிவிட்டது, தொட்டிக்குள் இன்னும் வெளிச்சம் என்றால், சாமான் பத்து நிமிசம் பொறுத்துப் பார்க்கும். பிறகும் எரிந்தால் 'டிக்' என்று பெட்டியின் கரண்டை வெட்டும், ஐந்து விநாடி கழித்து 'டிக்' என்று திருப்பிக் கொடுக்கும். பெட்டி புதிதாகக் கண் விழித்து மணியைப் பார்த்து, ஓ, நேரம் போயிட்டுது என்று லைற்றைப் போடாமல் இருந்துவிடும். கரண்டை வெட்டுகிற ரிலே ஒரு உடைந்த யூபிஎஸ்ஸில் இருந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடக்கினார்.

எத்தனை தரம் இறுகியது என்று மகள் எழுதிவைக்க வேண்டுமே. அதற்கும் ஒரு வழி பண்ணினார். அவளுடைய பழைய கல்குலேற்றரைத் திறந்து, சமன் பொத்தானின் இரண்டு வயரையும் வெட்டும் ரிலேயோடு இணைத்தார். ஒரு தரம் வெட்டினால் ஒன்று கூடும். அந்த வேலைதான் அவருக்கே பெருமையாக இருந்தது. கடைப் பெடியளுக்கு ஒருநாள் முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

வீட்டில் காட்டத்தான் ஆளில்லை. முளைத்த நெல்லின் ஞாபகம் இரண்டு பேருக்கும் போகவில்லை. விமலேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ரின்னைக் கொண்டுபோய், தொட்டி நின்ற மேசைக்குக் கீழே, தெற்குச் சுவரோடு சேர்த்து வைத்து, மேசை விரிப்பை இழுத்து மறைத்துவிட்டார். மகளுக்கு மட்டும் போனில் படம் அனுப்பினார். மனைவிக்கு ஒரு மூச்சும் விடவில்லை.

அடுத்த நாளில் இருந்து அறுபதுக்கு எண்ணிக்கை தொடங்கியது.

முதல் நாள் ஏழு மணிக்கு வந்து, கை கால் கழுவாமல் சாமியறையை எட்டிப் பார்த்தார். இருட்டு. விரிப்பைத் தூக்கினார். கல்குலேற்றரில் ஒன்று. இரண்டாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் பத்து. பெட்டி ஒரு நாள் தவறாமல் இறுகியது, ரின் ஒரு நாள் தவறாமல் தெளிய வைத்தது. இப்படி ஒழுங்காகப் பழுதாகிற ஒரு சாமானைச் செல்வராசா வாழ்நாளில் கண்டதில்லை. நிஷாந்தனை மனதுக்குள் திட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதினார்.

இந்த நாட்களில்தான் விமலேஸ்வரியின் சாப்பாடு குறைந்தது. இரவில் இரண்டு இடியப்பம் எடுப்பார், ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பாட்டுக் கோப்பையில் விட்டுவிடுவார். கேட்டால் "வயித்துக்குள்ள ஒருமாதிரிக் கிடக்கு" என்பார். செல்வராசா மருந்துக் கடையில் வாயுக் குளிசை வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் சாமித் தட்டில் பஞ்சாங்கம் திறந்தபடி குப்புறக் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். பல்லி சொல்லும் பலன், திசை வாரியாக. தெற்கு என்கிற வரிக்குக் கீழே நகத்தால் கீறிய அடையாளம் இருந்தது. நல்ல நாள் பார்க்க எடுத்திருப்பா என்று மூடி வைத்தார். கண்ணுக்கு முன்னால் கிடந்தும் அவருக்கு ஓடி வெளிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் போல மகள் போனில் முறையிட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன? ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு எடுக்கிறா. எங்க நிக்கிறாய், சுகமா இருக்கிறியோ, இந்த ரெண்டும்தான் கேக்கிறா. வைச்சிடுறா. நான் அந்த நேரம் லெக்சர் முடிஞ்சு நடந்து வாறனான், பிள்ளையள் பாத்துச் சிரிக்கினம்."

"தாய்தானே பிள்ளை. கேட்டா ஓமெண்டு சொல்லன்."

இருபத்தொரு நாளில் கல்குலேற்றர் இருபத்தொன்று காட்டியது. அதற்குப் பிறகு வட்டக்கச்சியில் விமலேஸ்வரியின் தங்கை அருந்ததியின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புச் சடங்கு. விமலேஸ்வரி இரண்டு நாள் அங்கே போய் நின்றார். செல்வராசா வேலையால் வந்து, பிந்தினாலும் பரவாயில்லை என்று தானே விளக்கைக் கொழுத்திவிட்டு விரிப்பைத் தூக்கினார். இருபத்தொன்று. அடுத்த நாளும் இருபத்தொன்று. ரின் பழுதாகிவிட்டதோ என்று பயந்துபோய் எல்லா வயரையும் தொட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பெட்டி தன்பாட்டில் ஒழுங்காக நிறுத்தியிருந்தது.

அந்த நேரம் மகள் போன் எடுத்தாள். கதையோடு கதையாகச் சொன்னாள்: "சித்தி வீட்ட நிக்கிற ரெண்டு நாளும் அம்மா எடுக்கேல்லை. அங்க போனா என்னை மறந்திடுவா போல."

செல்வராசா கல்குலேற்றரைப் பார்த்தபடி கீழே குந்திவிட்டார். மகள் வீட்டில் நின்ற நாளெல்லாம் பெட்டி பிழை விடவில்லை. மனைவி வீட்டில் இல்லாத இரண்டு நாளும் பிழை விடவில்லை. பழுது பெட்டியில் இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மனைவி அதை என்ன செய்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.

அடுத்த நாள் விமலேஸ்வரி வந்துவிட்டார். செல்வராசா முதலாளியிடம் சொல்லிவிட்டு ஐந்தரைக்கே வெளிக்கிட்டார். சைக்கிளை வேலிக்கு வெளியே விட்டு, கள்ளனைப் போலத் தன் வீட்டு விறாந்தையில் ஏறி, சாமியறை தெரிகிற மாதிரி நின்றார்.

விமலேஸ்வரி குளித்து, ஈரத் தலையோடு திரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். விளக்கைக் கொழுத்திய மறு நிமிசம் தொட்டி இருண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கை தன்பாட்டில் நீண்டு பெட்டியின் பொத்தானை அமத்தியது. லைற் எரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் எரிகிற வெளிச்சம் அணையக் கூடாது, அவ்வளவுதான். எந்த வீட்டிலும் பெண்கள் செய்கிற காரியம் அது. பொத்தானைக் கையால் தொட்டால் பெட்டி மணிக்கணக்கை விட்டுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நிலத்தில் இருந்து தேவாரம் பாடினார். பாட்டு முடிந்தும் எழும்பவில்லை. கண் தெற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிக்.

தொட்டி இருண்டது.

டிக்.

விமலேஸ்வரி சுவரில் மேலும் கீழுமாகத் தேடினார். அங்கே பல்லி எதுவும் இல்லை. எழும்பி வந்து போனை எடுத்தார். பஞ்சாங்கத்தில் கண்ட நகக் கீறல் செல்வராசாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பிள்ளை, எங்க நிக்கிறாய்? சுகமா இருக்கிறியோ? சரி, சரி. பாத்து றோட்டைக் கட."

செல்வராசாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. உள்ளே போய், மேசை விரிப்பைத் தூக்கி, ரின்னை வெளியே இழுத்து வைத்தார்.

"இதுதான் உம்மட பல்லி."

விமலேஸ்வரி ரின்னைப் பார்த்தார், அதில் ஓடிய வயரைப் பார்த்தார், மனிசனைப் பார்த்தார். செல்வராசா முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். கண்களைப் பற்றி, பத்து நிமிசத்தைப் பற்றி, கல்குலேற்றரைப் பற்றிக்கூடக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்.

"இருவத்திரண்டு நாள்" என்றார் விமலேஸ்வரி. குரல் உயரவில்லை. "விளக்கு வைக்கிற நேரம், என்ர பிள்ளையின்ர தொட்டியில, தெக்கால, எமன்ர பக்கத்தால, பல்லி சொல்லுது, சொன்னவுடன வெளிச்சம் நூருது. நான் போடப் போட நூருது. ஒரு வாய்ச் சோறு எனக்குத் தொண்டைக்குள்ளால இறங்கேல்லை. நீங்கள் வாயுக் குளிசை வாங்கித் தாறியள்."

"நீர் பொத்தானை அமத்திறது எனக்குத் தெரியாது விமலா."

"நீங்கள் ரின் வைச்சது எனக்குத் தெரியுமே?"

"அவள் வீட்டில நிக்கேக்க நீர் அமத்திறதில்லையே?"

"அவள் நிக்கேக்க எனக்கென்ன பயம்? பிள்ளை கண்ணுக்கு முன்னால நிக்கிறாள்."

மீன்கள் இருட்டில் ஒரு மூலையில் ஒதுங்கின. விமலேஸ்வரி திரியைத் தூண்டிவிட்டார், தூண்டிய கை அப்படியே நின்றது.

"அப்ப, முதல் தரம் குழம்பினது?"

செல்வராசா ரின்னின் மூடியைப் பூட்டுவதில் கவனமாக இருந்தார்.

"அது கடைக்காரன்ர பெட்டி."

"மாத்தித் தந்ததுமோ?"

"அதுவும்தான்."

பொய் சொல்லப் பழகாத மனிசன். விமலேஸ்வரி அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிரவு இடியப்பக் கோப்பையைத் தொடவும் இல்லை.

செல்வராசாவுக்கு நித்திரை வரவில்லை. பொத்தானைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது, விமலா தொடவும் மாட்டா. ஆனால் இன்னும் முப்பத்தாறு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், மகளின் தொட்டி இருளுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பா. அறுபது நாள் ஒப்பேறும். மனிசி ஒப்பேறமாட்டா என்று அவருக்குப் பட்டது.

விடிய வேலைக்குப் போகாமல் ரின்னைத் திறந்தார். இந்தமுறை கூடத்தின் நடுவில், விமலேஸ்வரிக்கு முன்னால் இருந்து. தொட்டியைப் பார்க்கும் கண்ணோடு ஒரு சின்ன ரிலே இருந்தது. அது வெளிச்சத்தைக் கண்டால் ஒரு காலில் தொடும், இருட்டைக் கண்டால் மறுகாலுக்கு மாறும். மறுகால் இவ்வளவு நாளும் வேலையில்லாமல் சும்மா கிடந்தது. அதில் ஒரு வயரை ஈயப் பற்றாசு வைத்து ஒட்டி, சாமித் தட்டு வரைக்கும் இழுத்து, ஒரு சின்னச் சிவப்பு பல்ப்பைப் பூட்டினார். மீன் பக்கம் வெளிச்சம் போகாதபடி பழைய பால்மா ரின் தகட்டை வளைத்து மறைத்தார்.

"பற்றாசு மணக்குது" என்றார் விமலேஸ்வரி. வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னேரம் இரண்டு பேரும் சாமியறையில் நின்றார்கள். விளக்கு எரிந்தது. ஆறேகாலுக்குப் பெட்டி லைற்றை நிறுத்த, மேசைக்குக் கீழே சின்ன ரிலே டிக் என்று கால் மாறியது. தொட்டி இருண்ட அதே கணம் சாமித் தட்டில் சிவப்பு பல்ப் எரிந்தது. வீட்டில் வெளிச்சம் ஒரு சொட்டும் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். விமலேஸ்வரி பல்ப்பையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கை பொத்தான் பக்கம் போகவில்லை. பத்து நிமிசம் போனது. வேறு சத்தம் வரவில்லை. கல்குலேற்றர் இருபத்திரண்டிலேயே நின்றது.

ஆறரை ஆனது. விமலேஸ்வரி போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இண்டைக்கு ஏன்? ஒண்டும் நூரேல்லையே" என்றார் செல்வராசா.

விமலேஸ்வரி கொஞ்ச நேரம் வாசற்படியில் இருந்தார். முன்பு மகள் அழுதுகொண்டிருந்த அதே படி. பிறகு மகளுக்குப் போன் போட்டார். மணி ஒருதரம்கூட முழுதாக அடிக்கவில்லை, மறுபக்கம் எடுத்தாகிவிட்டது.

"அம்மா? ஏன் இவ்வளவு நேரம்? என்ன நடந்தது?" போனுக்கு வெளியேயும் கேட்கிற சத்தத்தில் யதுர்ஷிகா கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. முதல் தரம் உன்ர லைற்றைப் போட்டுவிட்டது நான்தான். பெட்டியில பிழையில்லை. அப்பா சொல்லமாட்டார், அதுதான் நான் சொல்லுறன்."

மறுபக்கத்தில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துப் போகிற சத்தம் மட்டும் வந்தது.

"இப்ப எத்தினையாம் நாள் அம்மா?"

"இருவத்தஞ்சு. ஒரு நாளும் பிசகேல்லை."

"அப்பச் சரி. அதைப் பிறகு கதைப்பம்." மகளுக்குக் கேட்கவேண்டியது வேறு இருந்தது. "ஆறரைக்கு நீங்கள் எடுக்கேல்லை அம்மா. ஆறு நாப்பதாப் போச்சு. நான் கைகால் பதறிப்போய் றோட்டுக் கரையில நிக்கிறன்."

விமலேஸ்வரி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். செல்வராசா கொப்பியைத் திறந்து, இருபத்தைந்தாம் நாளுக்கு நேரே பூச்சியம் என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில், நாளையில் இருந்து ஆறரைக்குப் பிந்தக் கூடாது என்றும் எழுதிவைத்தார்.